புகையும் புத்தகமும்

தமிழ்மொழி மேனாட்டு மொழிகளுக்கு வழங்கிய சொற்களை எண்ணத் தொடங்குவோர் கட்டுமரத்தைச் சொல்வர்; மிளகுதண்ணீரைச் சொல்வர்; சுருட்டைச் சொல்லுதற்குச் சற்றே கூசுவர். ஆங்கிலேயர் 'செரூட்' என வழங்கும் சொல் நம்முடைய 'சுருட்டு' என்னும் சொல்லின் திரிபேயாகும். சொல்லை நாம் கொடுத்தோம். பொருளுக்குரிய புகழை வேறொரு நாடு பெற்றுக்கொண்டது. உலகின் எந்த மூலையிலே நின்று உயர்ந்த சுருட்டு எதுவென்று கேட்டாலும் 'ஹவானா' என்றே விடை வரும்.

அந்த ஹவானா நகரத்துக்கு 2019ஆம் ஆண்டிலே செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. புகைத்தலை நான் பழக்கமாகக் கொண்டவனல்லன். ஆயினும், யாழ்ப்பாணத்துப் புகையிலைக் கிராமம் ஒன்றிலே பிறந்து வளர்ந்தவன் கியூபாவுக்குப் போய்ச் சுருட்டுச் சுற்றுவோரைக் காணாது திரும்புவது, நல்லூருக்குப் போய்க் கந்தனைக் காணாது திரும்புவது போலாகுமன்றோ? ஆகவே, இலை விளையும் தோட்டத்தையும் சுருட்டுப் பிறக்கும் தொழிற்சாலையையும் தேடிச் சென்றேன். சுருட்டின் சுவையை அறியும் ஆவலே என்னைக் கொண்டுசென்றது. திரும்பிய பின்னரோ, அந்தத் தொழிலாளர் நடுவே ஒலித்துக்கொண்டிருந்த ஒரு குரலே என் நெஞ்சில் நிலைத்து நின்றது. இலையின் சுவையைச் சிறிது சொல்லி, அக்குரலின் வரலாற்றைச் சற்று விரிவாகக் கூறலாமென எண்ணுகின்றேன்.

செம்பாட்டு மண்

தலைநகருக்கு மேற்கே, தீவின் ஒடுங்கிய முனையிலே, பினார் தெல் றியோ என்னும் மாகாணம் அமைந்திருக்கின்றது. அங்கே சன் லூயிஸ், சன் ஹுவான் இ மார்த்தினெஸ் என்னும் ஊர்களைச் சூழ்ந்து கிடக்கும் நிலமே உலகின் மிகச் சிறந்த சுருட்டிலையை விளைவிப்பது என்பர். நிலம் செந்நிறமானது, மண் பொலபொலவென்று உதிர்வது. நம்மூர்ச் செம்பாட்டுத் தரையைக் கண்டு பழகிய கண்ணுக்கு அஃது அந்நியமாகத் தோன்றவில்லை.

1492ஆம் ஆண்டிலே கொலம்பசு இத்தீவின் உட்பகுதிக்கு அனுப்பிய தூதர் இருவர், பூர்வீகக் குடிகள் இலையைச் சுருட்டிப் புகை குடிப்பதைக் கண்டுவந்து கூறினர். அந்த இலை பின்னர் உலகமெங்கும் பரவி நம்மிடத்துக்கும் வந்தது. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது.

என்னை வரவேற்ற முதிய தோட்டக்காரர் அதிகம் பேசாதவர். கன்றை நட்ட நாள்முதல் இலை பறிக்கும் நாள்வரை நூற்றைம்பது தடவையாவது அதனிடம் கை போகவேண்டும் என்பது அந்நாட்டுத் தோட்டக்காரர் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. சுருட்டின் மேலே சுற்றும் இலைக்கென வளர்க்கும் பயிரை வெயில் நேரே தாக்காதபடி மெல்லிய துணிப்பந்தரால் மூடிவிடுகின்றனர். பறித்த இலைகளைக் கோத்து, உயர்ந்த கூரையுடைய குடில்களிலே தொங்கவிட்டு, வாரக்கணக்கிற் காற்றாலேயே உலர்த்துகின்றனர். பின்பு அம்பாரமாக அடுக்கிப் புளிக்கவிடுகின்றனர். நம்மவரோ தென்னம் பொச்சு முதலியவற்றை எரித்துப் புகைபோட்டு இலையைப் பதப்படுத்துவர். யாழ்ப்பாணச் சுருட்டின் காரத்துக்கும் ஹவானாச் சுருட்டின் மென்மைக்குமுள்ள வேறுபாட்டிற் பெரும்பங்கு இந்த இடத்திலேதான் பிறக்கின்றது. நான் இதைக் கூறியபோது முதியவர் வியந்து, "புகைப்பதற்கு முன்னரே புகைத்துவிடுகிறீர்களா?" என்று கேட்டுச் சிரித்தார்.

2022ஆம் ஆண்டு செப்டெம்பரிலே 'இயன்' என்னும் சூறாவளி அந்த மாகாணத்தைத் தாக்கி, இலை உலர்த்தும் குடில்களுட் பெரும்பாலானவற்றைச் சாய்த்துவிட்டதென்னும் செய்தியைப் படித்தபோது, நான் முதலில் நினைத்தது அம்முதியவரின் சிரிப்பையே.

நாவின் தீர்ப்பு

ஒரே செடியின் இலைகளெல்லாம் ஒரே குணமுடையன அல்ல. அடியிலுள்ள இலை தீயை ஏந்திச் சீராக எரியும்; ஆனால், சுவையிலே மெலிந்தது. நடுவிலுள்ள இலை மணம் தரும். வெயிலை மிகுதியாக உண்ட மேலிலை தடித்தது; காரமும் வலிமையும் அதற்கே உரியன. இம்மூன்றையும் அளவறிந்து கலந்து, ஓர் இலையாற் கட்டி, அதன்மேல் நரம்பின் தடமும் தெரியாத மெல்லிய இலையொன்றைப் போர்த்தினால் அது ஹவானாச் சுருட்டு. கலவையின் அளவே ஒவ்வொரு பெயருக்கும் உரிய இரகசியம்.

ஹவானாவின் பழைய தொழிற்சாலையொன்றிலே, சுவை பார்ப்போர் குழுவின் தலைவியாகிய நடுவயதுப் பெண்மணியொருவர் எனக்கு இம்மூவிலைகளையும் தனித்தனியே சுருட்டித் தந்தார். காலைப்பொழுதிலே, நா களைப்படையுமுன், அவர்கள் தம் வேலையை முடித்துவிடுவர். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையிலே சீனி சேராத தேநீரைச் சிறிது பருகி வாயைத் தூய்மை செய்துகொள்வர். இழுக்கும்போது காற்று இலகுவாக வருகின்றதா, தீ ஒருபக்கம் சாயாது எரிகின்றதா, மணம் எத்தகையது, காரம் எவ்வளவு என்றெல்லாம் புள்ளியிடுவர். எங்கள் பரீட்சைத்தாள் திருத்தத்திலும் இத்துணைக் கண்டிப்பு இருந்ததா என்பது ஐயமே.

"புகையை விழுங்கிவிடாதீர்கள், ஆசிரியரே. நாவின்மேற் சிறிது வைத்திருந்து வெளியே விடுங்கள்" என்றார் அவர். அடியிலை வைக்கோல் எரிந்தாற்போல மணத்தது. நடுவிலையிலே ஈர மரப்பட்டையின் வாசனையும் வறுத்த கோப்பிக்கொட்டையின் நினைவும் இருந்தன. மேலிலை மிளகைப்போல நாவைச் சுட்டது. நெற்றியிலே வியர்வை அரும்பியது. பின்னர் மூன்றும் கலந்த முழுச்சுருட்டைப் பற்றவைத்துத் தந்தார். தனித்தனியே மிகையாகவும் குறையாகவும் தோன்றியவை அங்கே ஒன்றையொன்று தாங்கி நின்றன. தொடக்கத்திலே இனிமை, நடுவிலே மணம், முடிவை நெருங்க நெருங்கக் காரம். சுருட்டை மூன்று பகுதியாகப் பிரித்துச் சுவைக்கும் அந்நாட்டு வழக்கத்தின் பொருள் எனக்கு அப்போது விளங்கியது.

சுவையைப் புகழ்ந்தவன் ஒன்றைச் சொல்லாது விடுதல் அறமாகாது. சுருட்டுப் புகையை உள்ளே இழுப்பதில்லையாதலால் தீங்கில்லை எனப் பலர் கருதுகின்றனர். அது பிழையான எண்ணம். வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய்க்கு வழிவகுப்பது சுருட்டு. மாணவர் எவரேனும் இக்கட்டுரையைப் படித்துச் சுருட்டைத் தேடுவராயின் நான் எழுதியது வீண். அவர்கள் தேடவேண்டியது இனி வருவது.

மேடையிலிருந்து ஒரு குரல்

சுருட்டுச் சுற்றும் மண்டபத்தினுள் நுழைந்தபோது ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த உணர்ச்சியே எனக்கு உண்டாயிற்று. வரிசை வரிசையாக மேசைகள்; ஒவ்வொன்றின் முன்னும் ஆணோ பெண்ணோ ஒருவர். ஒவ்வொருவர் முன்னிலையிலும் ஒரு பலகை, பிறைபோன்ற ஒரு தட்டைக் கத்தி, சிறிதளவு பசை, ஈரமூட்டிய இலைகள். வேறு கருவியில்லை. இலையை மடித்து, அளந்து, உருட்டி, நுனியை மூடி, வெட்டி வைக்கின்றனர். தேர்ந்த கையொன்று சுருட்டின் பருமனுக்கேற்ப நாளொன்றுக்கு நூறளவில் முடிக்கும்.

மண்டபத்தின் முன்னே, மாணாக்கரை நோக்கிய ஆசிரியர் மேசை இருக்கவேண்டிய இடத்திலே, ஒரு சிறு மேடை. அதன்மீது அமர்ந்து ஒரு பெண்மணி ஒலிவாங்கியின் முன் உரத்து வாசித்துக்கொண்டிருந்தார். அவர் சுருட்டுச் சுற்றுவதில்லை. வாசிப்பதே அவருடைய தொழில். காலையிலே செய்தித்தாள், பின்னேரத்திலே நாவல். எந்த நாவல் என்பதைத் தொழிலாளரே வாக்களித்துத் தெரிந்தெடுக்கின்றனர். நான் நின்ற வேளையிலே அத்தியாயமொன்று முடிந்தது. உடனே, மண்டபம் முழுவதிலுமிருந்து 'டக் டக்'கென ஓர் ஒலி எழுந்தது. கைதட்டக் கை ஓயாத மக்கள் தம் கத்திகளாற் பலகையைத் தட்டித் தம் மகிழ்ச்சியைத் தெரிவிக்கின்றனர். எழுத்தாளன் ஒருவனுக்கு இதனினும் மேலான பாராட்டு உலகில் உண்டோ என்று எண்ணினேன்.

இவ்வழக்கம் 1865ஆம் ஆண்டின் இறுதியிலே ஹவானாவின் 'எல் பீகறோ' தொழிற்சாலையிலே தொடங்கியது. சத்துர்னினோ மார்த்தினெஸ் என்னும் சுருட்டுத் தொழிலாளி, 'விடியல்' எனப் பொருள்படும் 'லா அவுறோறா' என்னும் வார ஏட்டை அதே ஆண்டில் ஆரம்பித்திருந்தார். அக்காலத்துத் தொழிலாளருட் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். ஏட்டை அச்சிட்டாற் போதுமா? படிப்பவர் வேண்டாமா? ஆகவே, தொழிலாளருள் வாசிக்கத் தெரிந்த ஒருவர் வாசிப்பது. அவ்வேளையில் அவர் இழக்கும் கூலியை ஏனையோர் தம் உழைப்பிலிருந்து ஈடுசெய்வது என்று ஏற்பாடு செய்துகொண்டனர். சில வாரங்களுக்குள் பர்த்தகாஸ் தொழிற்சாலையும் அதனைப் பின்பற்றியது.

வாசிப்போருக்கு முதலாளி கூலி கொடுக்கவில்லை; அரசும் கொடுக்கவில்லை. எழுத்தறியாத தொழிலாளி தன் வயிற்றுக்குரிய பணத்தில் ஒரு பங்கை இலக்கியத்துக்குக் கொடுத்தான். செர்வாந்திசும் விக்ரர் ஹியூகோவும் டூமாவும் சோலாவும் இவ்வாறுதான் அம்மண்டபங்களுக்குள் நுழைந்தனர். 1935ஆம் ஆண்டிலே தோன்றிய 'மொந்தெகிறிஸ்தோ' என்னும் புகழ்பெற்ற சுருட்டு, டூமாவின் நாவலிலிருந்து தன் பெயரைப் பெற்றது. தொழிலாளர் அந்நாவலை அவ்வளவு விரும்பிக் கேட்டனர் என்பர்.

சுருட்டுத் தொழிலுக்கு மட்டும் இப்பேறு வாய்த்தது ஏன்? கியூபாவின் பேரறிஞர் பெர்னாந்தோ ஓர்த்திஸ், புகையிலையையும் கரும்பையும் ஒப்பிட்டு 1940ஆம் ஆண்டிலே வெளியிட்ட நூலிலே இதற்கு விடை கிடைக்கின்றது. சீனி ஆலையிலே இயந்திரத்தின் இரைச்சல். அங்கே மனிதக் குரல் எடுபடாது. சுருட்டு மண்டபத்திலோ இலை சலசலக்கும் ஒலியன்றி வேறொலியில்லை. கைக்கு ஓயாத வேலை, காதுக்கு ஓய்வு. அந்த ஓய்ந்த காதைப் புத்தகம் பற்றிக்கொண்டது.

காதுக்கு இட்ட பூட்டு

கேட்பவன் சிந்திக்கத் தொடங்குவான். சிந்திப்பவன் கேள்வி கேட்பான். இதை அதிகாரத்திலுள்ளோர் விரைவிலேயே உணர்ந்துகொண்டனர். 1866ஆம் ஆண்டு மே மாதத்திலே, வாசிப்புத் தொடங்கி ஆறு மாதமும் நிறையாத வேளையிலே, ஸ்பானிய ஆட்சியாளர் தொழிலகங்களிலே நூலும் பத்திரிகையும் வாசிப்பதைத் தடைசெய்தனர். 1868இல் விடுதலைப் போர் மூண்டது. பலர் கடல்கடந்து அமெரிக்காவின் புளோரிடாக் கரைக்குச் சென்றனர். அவர்களோடு தொழிலும் சென்றது. வாசிப்பு மேடையும் சென்றது.

அங்கே, தம்பா நகரத்தையடுத்து 1880களில் எழுந்த ஈபோர் என்னும் சுருட்டுத் தொழிலாளர் குடியிருப்பிலே, 1891ஆம் ஆண்டு நவம்பரிலே ஹொசே மார்த்தி வந்து உரை நிகழ்த்தினார். கியூபாவின் விடுதலைக்குத் தலைமைதாங்கிய அக்கவிஞரின் பேச்சைக் கேட்டு, தொழிலாளர் தம் கூலியிலிருந்து விடுதலை நிதிக்கு வாரி வழங்கினர். அவர்களுக்கு அரசியலைக் கற்பித்தது எந்தக் கல்லூரி? அந்த மேடைதான். நியூயோர்க்கிலும் இஃதே நிகழ்ந்தது. அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனத்தின் முதல் தலைவராகிய சாமுவேல் கொம்பர்ஸ் இளமையிலே சுருட்டுச் சுற்றியவர். வாசிப்பவருக்குத் தாம் சுற்றிய சுருட்டுகளிற் சிலவற்றை ஈடாகக் கொடுத்த கதையை அவர் தம் சுயசரிதையிலே நினைவுகூர்ந்திருக்கின்றார்.

தம்பாவிலே இம்மேடைகள் 1931ஆம் ஆண்டின் இறுதியிலே வீழ்ந்தன. வாசிப்போர் தீவிரக் கருத்துகளைப் பரப்புகின்றனரென முதலாளிமார் குற்றஞ்சாட்டி அவர்களை நீக்கினர். தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர், பயனில்லை. அவர்கள் மீண்டும் வேலைக்கு வந்தபோது வாசிப்போர் இருந்த இடத்தை வானொலிப்பெட்டி பிடித்துக்கொண்டது. வானொலியிடம் கேள்வி கேட்கமுடியாது. அந்தப் பக்கத்தை மறுபடி வாசி என்று சொல்லவும் முடியாது. வாசிப்பாளராக இருந்த விக்தோறியானோ மாந்தெய்கா என்பவர் 1922இலேயே தொடங்கியிருந்த 'லா கசேத்தா' என்னும் பத்திரிகை, அம்மேடைகள் மறைந்த பின்னும் நெடுங்காலம் வாழ்ந்தது.

கியூபாவிலே வழக்கம் அழியவில்லை. 2012ஆம் ஆண்டிலே அந்நாட்டு அரசு இவ்வாசிப்பைத் தேசத்தின் பண்பாட்டு மரபுரிமையாக அறிவித்தது. இதைப் போற்றும் அதே வேளையில் மற்றொன்றையும் கருதவேண்டும். அன்று தொழிலாளர் தம் காசு கொடுத்து அமர்த்திய வாசிப்பாளர் இன்று அரசின் சம்பளம் பெறுபவர். காலையிலே வாசிக்கப்படுவது ஆளுங்கட்சியின் ஏடு. நாவலைத் தெரியும் உரிமை மட்டும் தொழிலாளரிடம் எஞ்சியிருக்கின்றது. அவர்கள் சுற்றும் சுருட்டின் ஒரு பெட்டி ஐரோப்பாவிலே விற்கப்படும் விலையோ, அவர்களுடைய பல மாதச் சம்பளத்துக்கும் மேற்பட்டது. "நாங்கள் சுற்றும் சுருட்டு எங்கெல்லாமோ போகின்றது, எங்களுக்கோ கதைதான் பயணம்" என்று ஒரு தொழிலாளி என்னிடம் கூறினார். அவர் அதை முறையீடாகச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்பதை என்னால் இன்றும் துணிய முடியவில்லை.

நம்முடைய கொட்டில்கள்

இவற்றையெல்லாம் கண்ட எனக்கு வியப்பு ஏற்பட்டதெனினும், அந்நியம் ஏற்படவில்லை. ஏனெனில், கொக்குவில், கொண்டாவில், தாவடி முதலிய ஊர்களின் சுருட்டுக் கொட்டில்களிலே இதே காட்சியைக் கண்டு வளர்ந்தவர் நம்மிடையே பலர் இருக்கின்றனர். அறுபதுகளிலே, பள்ளிச் சிறுவனாகிய நானும் பின்னேரங்களிலே அயலிலுள்ள கொட்டிலொன்றிலே பத்திரிகை வாசித்ததுண்டு. கிடுகு வேய்ந்த கூரை. நிலத்திலே சாக்கு விரித்துச் சம்மணமிட்டு இருபுறமும் தொழிலாளர். நடுவே ஒரு வாங்கு எனக்கு. முதலிற் செய்தி, பின்பு தொடர்கதை. நான் வேகமாக ஓடினால், ஓரத்திலிருக்கும் முதியவர் கையை நிறுத்தாமலே, "தம்பி, உந்த இடத்தை இன்னொருக்கால் வாசி" என்பார். வாசித்து முடிந்ததும் விவாதம் தொடங்கும். பாராளுமன்றத்திலே யார் பேசியது சரி, கதாநாயகி செய்தது தகுமா என்றெல்லாம் வழக்காடுவர். வகுப்பிலே நான் கேட்ட இலக்கிய விமரிசனத்தினும் அது கூர்மையானது. கூலியாக எனக்கு ஒரு தேத்தண்ணியும் சில சதங்களும் கிடைக்கும். அச்சதங்கள் ஆயிரம் சுருட்டுக்கு இவ்வளவென்று கூலி பெற்ற மக்களின் மடியிலிருந்து வந்தவை.

ஹவானாவிலிருந்து எவரும் வந்து நம்மவருக்கு இதைக் கற்பிக்கவில்லை. கேரளத்திலே கண்ணூர்ப் பகுதிப் பீடித் தொழிலாளரும் தமக்குள்ளே ஒருவரை வாசிக்க வைத்துக் கேட்டனர். கை கட்டுண்டு காது ஓய்ந்திருக்கும் இடமெல்லாம் மனிதன் அறிவைத் தேடியிருக்கின்றான் என்பதற்கு இவை சான்று.

நம் கொட்டில்கள் எவ்வாறு ஓய்ந்தன? யாழ்ப்பாணச் சுருட்டின் பெருஞ்சந்தை தென்னிலங்கை. சிங்கள மக்கள் வாழும் பட்டினங்களிலே நம்மவர் நடத்திய சுருட்டுக் கடைகள் 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களிலே ஒன்றன்பின் ஒன்றாக அழிந்தன. சிகரெட்டும் பீடியும் எஞ்சிய வாடிக்கையைக் கவர்ந்தன. பின்னர் நீண்ட யுத்தம். சுருட்டுத் தொழில் சுருங்கியதைக் குறித்து உடல்நலம் கருதுவோர் வருந்தார். நானும் அதன் பொருட்டு வருந்தவில்லை. ஆனால், சுருட்டோடு சேர்ந்து அந்த வாசிப்பும் ஓய்ந்தது. அதன் இடத்தை வேறெதுவும் நிரப்பவில்லை.

1981ஆம் ஆண்டிலே எரிந்த யாழ்ப்பாண நூலகத்தைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கின்றோம், எழுதவேண்டியதே. அங்கே எரிந்தவை எழுத்தறிந்தோரின் புத்தகங்கள். எழுத்தறியாதோர் தம் கூலியாற் கட்டியெழுப்பிய நூலகங்கள் கிடுகுக் கூரைகளின் கீழ் இருந்தன. அவற்றுக்கு நூற்பட்டியல் இல்லை. அவை என்று மூடப்பட்டன என்ற குறிப்பும் இல்லை. ஈழத்திலே தமிழ்ப் பத்திரிகையின் வரலாற்றை எழுதுவோர் ஆசிரியர்களின் பெயரையும் விற்பனைத் தொகையையும் தருகின்றனர். ஒரு பிரதியை இருபது பேர் கேட்ட இடங்களைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. வாசகர் இல்லையென்று நம் இலக்கியக் கூட்டங்களிலே ஓயாது குறைகூறும் நாம், வாசிக்கத் தெரியாமலே வாசகராயிருந்தோரை எண்ணிப் பார்ப்பதில்லை.

கொட்டிலிலே அமர்ந்து கதை கேட்ட தலைமுறையினர் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர். எந்தப் பத்திரிகை வந்தது, எந்தத் தொடர்கதைக்காகக் காத்திருந்தனர், வாசித்தவர் யார், அவருக்கு என்ன கொடுத்தனர் என்பதை அவர்களே சொல்லமுடியும். பல்கலைக்கழக மாணவருக்கும் கல்லூரி ஆசிரியருக்கும் இது கைக்கெட்டிய ஆய்வு, கியூபாவுக்குப் போகவேண்டியதில்லை. ஒரு குறிப்பேட்டோடு அயலூருக்குச் சென்று, படலையைத் திறந்து, "அப்பு, கொட்டிலிலே என்ன வாசிச்சவை?" என்று கேட்டாற் போதும். கேட்பதற்குரிய காலமோ மிகக் குறுகியது.